யாரும் கேட்காத பச்சை

கொலை என்றால் அர்த்தனாரி நிமிர்ந்து உட்காருவார். திருட்டு என்றால் பொடி டப்பாவைத் தட்டித் திறப்பார். வீட்டுச் சுவருக்கு அடித்த பெயிண்ட் பிடிக்கவில்லை, அந்த நிறத்தைச் சொன்னது யார் என்று கண்டுபிடித்துத் தரவேண்டும் என்று ஒரு கேஸ் வந்தபோது அவர் நிமிரவும் இல்லை, டப்பாவைத் திறக்கவும் இல்லை. சொல்ல வந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார். சேலத்தில் துப்பறியும் ஆபீஸ் போட்ட நாளிலிருந்து இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. ஆனால் அந்த மாதம் வேறு எந்தக் கேஸும் வந்திருக்கவில்லை. ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதன் பலனாக மறுநாள் காலையில் கொல்லிமலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காளப்பநாயக்கன்பட்டி வரை பஸ். காரவள்ளி வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ரோடு காண்டிராக்டர் வீட்டு ஜீப். புது ரோடு பாதி மலைவரைக்கும்தான் போட்டிருந்தார்கள். மேலே எந்தப் பக்கமாகப் போவது என்று சர்க்கார் யோசித்துக்கொண்டிருந்தது. யோசித்து முடிக்கிறவரை ஜனங்கள் நடக்க வேண்டியதுதான்.

பின்னால் அவருடைய உதவியாள் காளியண்ணன் உருண்டு வந்துகொண்டிருந்தான். பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் கொடுத்ததைவிட வாய் கொடுத்தது அதிகம் என்று சொல்லி பஸ் முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

“ஏனுங்ணா, பெயிண்ட் அடிக்கச் சொன்னவன் சிக்குனா எந்தச் செக்‌ஷன்ல உள்ள போடுவாங்க?”

“கண்ணுக்குக் காயம் உண்டாக்குனதா எழுதிக்கலாம். நடப்பா.”

ஜீப் நின்ற இடத்தில் அவர்களை எதிர்கொண்டவன் மாதேஸ்வரன், காண்டிராக்டரின் மைத்துனன். நல்ல சட்டை, நல்ல செருப்பு, நல்ல சிரிப்பு. வேலை மட்டும் இன்னும் நல்லதாக ஒன்று அமையவில்லை. அக்கா வீட்டில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். அர்த்தனாரியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வழிநெடுக மெட்ராஸ் பெரிய மனிதர்கள் வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அங்கெல்லாம் இப்போது, அக்கா வீட்டுச் சுவரில் அடித்திருக்கிற இந்த மங்கின பச்சைதான் நாகரிகமாம். அக்காவுக்குக் கொஞ்சம் பழகினால் சரியாகிவிடுமாம். காளியண்ணனுக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. பையைத் தூக்குகிற யாரையும் அவனுக்குப் பிடிக்கும்.

ஆள் அனுப்பிக் கேஸ் கொடுத்தவள் ருக்குமணி, காண்டிராக்டர் சின்னுசாமியின் மனைவி. ரோடு வேலை முடியப் பல வருஷம் ஆகும் என்பது சின்னுசாமிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. முடிக்கவேண்டியவர் அவர்தானே. அதனால் கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் ஓட்டு வீடு ஒன்றைக் கட்டிக் குடும்பத்தை மலைமேல் கொண்டுவந்துவிட்டார். கூடத்துக்கு ரோஸ் நிறம் அடிக்கச் சொல்லிவிட்டு ருக்குமணி தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேந்தமங்கலம் போனாள். திரும்பி வந்தபோது கூடம் பச்சையாக இருந்தது.

பச்சை என்றால் நாற்றங்கால் பச்சை இல்லை, கிளிப் பச்சையும் இல்லை. கறுப்பும் சாம்பலும் கலந்து, வெளிச்சத்தை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத பச்சை. நான்கு சுவரிலும் அதுவே. பெயிண்ட் வாசனை வேறு இன்னும் மூக்கைத் துளைத்தது. காளியண்ணன் நிலைப்படியில் நின்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தான்.

“கீரைய வதக்க அடுப்புல வெச்சுட்டு, மறந்து கல்யாணத்துக்குப் போயிட்டீங்களாட்ட இருக்குதுங்க,” என்றான்.

ருக்குமணி சிரிக்கவில்லை. கீழேயிருந்து வந்து பார்த்த சொந்தக்காரப் பெண்கள் இதையெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஒருத்தி, வீட்டைப் பட்டாளத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டீர்களா என்று கேட்டாளாம். அதுகூடப் போகட்டும். யார் சொல்லி இந்த நிறம் அடித்தார்கள் என்று கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. கணவரைக் கேட்டால், நீதானே கேட்டாய் என்கிறார். பெயிண்டரைக் கேட்டால், ஐயா சொன்னார் என்கிறான்.

“இந்த ஊட்டுல நாஞ் சொன்னது நடக்கலீன்னா பரவால்லீங்க. ஆரு சொன்னது நடக்குதுன்னாச்சும் எனக்குத் தெரியோணுமில்லீங்க?” என்றாள்.

அர்த்தனாரி அப்போதுதான் பொடி டப்பாவை எடுத்தார். பெயிண்டுக்காக மலையேறிய அவமானம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. பச்சை அடித்ததிலிருந்து கூடமே சுருங்கிப்போய்விட்டதாம். முன்பெல்லாம் விருந்தாளிகளைத் தாராளமாக உட்கார வைத்த இடத்தில் இப்போது நான்கு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது. கணவரிடம் சொன்னதற்கு, கறுத்த நிறம் அடித்தால் அறை சின்னதாகத்தான் தெரியும் என்று பதில் வந்தது. தம்பியும் அதையேதான் சொன்னான். ரோஸ் மாற்றி அடிக்கலாம் என்றால், தை மாதம் போகட்டும், இப்போது சுரண்டினால் சுவர் கெட்டுப்போகும் என்கிறார்கள்.

காப்பி கொண்டுவந்து வைத்தவளின் கண்கள் வீங்கியிருந்தன. அவள் இருசாயி. பக்கத்துக் குடிசைதான். அவளுடைய கேஸ் வேறு. பெயிண்ட் கேஸுக்கு அழைத்த மாதிரி அதற்கு யாரும் சேலத்திலிருந்து ஆள் அழைக்கவில்லை.

அவள் கணவன் பொன்னன் இந்த வீட்டுக் கொட்டகைக்குக் காவல். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் தங்கள் மிளகையெல்லாம் மூட்டை கட்டி அந்தக் கொட்டகையில்தான் அடுக்குவார்கள். சுமந்து இறக்கும் கழுதைகள் வரும்வரை அங்கேயே இருக்கும். ருக்குமணி கல்யாணத்துக்குப் போயிருந்த நாட்களில் ஒரு நாள் கொட்டகை காலியாகக் கிடந்தது. சாவி பொன்னனிடம் இருந்தது. எனவே அடிவாரத்துப் போலீஸ் வந்து பொன்னனைக் கூட்டிப்போய்விட்டது. மூட்டைகள் மலையிலிருந்து இறங்கினதை எந்தப் பாதையிலும் எவரும் பார்க்கவில்லை. கழுதைக்காரர்களும் வரவில்லை. அப்படியானால் மிளகு எப்படிப் போயிற்று என்று கேட்டதற்கு, அதைப் பொன்னனே சொல்லுவான் என்று போலீஸ் சொல்லிவிட்டது. இன்னும் அவன் சொல்லவில்லை. சொல்லவைக்க அவர்கள் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பொன்னன் எங்கே இருந்தான் என்று அர்த்தனாரி கேட்டார்.

“பெயிண்ட் பிரஷ் வாங்கியாரச் சொல்லி அவரக் கீழ அனுப்பிட்டாங்க சாமி. ஐயாவோட உத்தரவுன்னு சொல்லித்தான் போனாரு. இப்ப ஐயா, நான் அனுப்பவே இல்லீங்கறாரு.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஊர்ச்சனம் எங்கூடப் பேசறதில்லீங்க. அவுங்க வருசத்துப் பாடு எல்லாம் அதுலதானுங்க இருந்துச்சு.”

காளியண்ணன் பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

பெயிண்டர் ராசு வெளியே ஜன்னல் கதவுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். கூடத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே அவன் கையிலிருந்த பிரஷ் வெட்கப்பட்டது. தன் தொழிலில் இப்படி ஒரு நிறத்தைத் தான் கலந்ததில்லை என்றான். ரோடு வேலைக்கு வந்த பச்சை டப்பாக்களில் கறுப்பை ஊற்றச் சொன்னார்களாம். போதுமா என்று கேட்டதற்கு இன்னும் ஊற்று என்றார்களாம். ஐயாவின் விருப்பம், நமக்கு என்ன என்று ஊற்றிவிட்டான். சுவரெல்லாம் பூசித் தயாராக வைத்துத்தான் தன்னை மேலே கூப்பிட்டார்கள் என்றும் சொன்னான். பிரஷ் பற்றி அர்த்தனாரி கேட்டபோது அவனுக்குக் கோபமே வந்தது. பிரஷ் இல்லாமல் எந்தப் பெயிண்டர் மலையேறுவான்? அவனிடமே ஒரு கட்டு இருந்தது.

“தீந்துபோச்சுங்ணா கேஸு,” என்றான் காளியண்ணன், வீட்டுக்குப் பின்பக்கம் வந்ததும். “பச்ச டப்பா ஆரோடது? காண்டிராக்டரோடது. காவல்காரன அனுப்புனது ஆரு? காண்டிராக்டரு. பொண்டாட்டி மேல பழி போட்டது ஆரு? அதே மனுசன். மொளகு எங்கன்னு கேட்டுட்டு மத்தியானப் பஸ்ஸப் புடிச்சிரலாம்.”

“சாப்பாடு வேண்டாமா?”

“சாப்புட்டுட்டுக் கேக்கலாமுங்க.”

சின்னுசாமி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். பெரிய உடம்பு. துப்பறிகிறவர் வந்திருக்கிறார் என்றதும் முகம் கறுத்தது, ஏறக்குறைய சுவரின் நிறத்துக்கு. பெயிண்டுக்குத் துப்பறிகிறவர் வந்தால் நாளைக்குக் குழம்பில் உப்புக் குறைந்ததற்கு ஹைகோர்ட் ஜட்ஜ் வருவாரா என்று மனைவியிடம் கேட்டார். பிறகு அர்த்தனாரியிடம் திரும்பி, இந்தப் பச்சையைக் கண்டாலே எனக்கும் ஆகாது, இவள் ஆசைப்பட்டாளே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றார். பொன்னனை அனுப்பினீர்களா என்று கேட்டதற்கு, அந்த வாரம் முழுக்கக் காரவள்ளியில் கல் உடைக்கிற இடத்தில் இருந்தேன், பிரஷ்ஷுக்கு ஆள் அனுப்புவதுதான் என் வேலையா என்று எரிந்து விழுந்தார். காளியண்ணன் சுவரைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தான். முகத்தில் வெற்றி தெரிந்தது.

சாப்பிட்டு எழுந்த அர்த்தனாரி கூடத்தில் கால் தடுக்கி விழப்பார்த்தார். தடுக்கியது சமுக்காளம். தரை முழுவதும் விரித்திருந்த அந்தப் பவானிச் சமுக்காளம் ஒரு பக்கச் சுவரோரம் மட்டும் உள்ளே மடித்துப் போடப்பட்டு மேடாக இருந்தது. ருக்குமணி ஓடிவந்தாள். அவள் பிறந்த வீட்டுச் சீர் அது. இந்தக் கூடத்தை அளந்து, சுவரிலிருந்து சுவருக்குச் சரியாக வரும்படி தறியில் சொல்லி நெய்யவைத்தது. ஓரத்தில் பெயிண்ட் சிந்திவிட்டது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

அர்த்தனாரி குனிந்து மடிப்பைப் பிரித்தார். ஓரத்தில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை. சிவப்பும் நீலமுமாகக் கரை அன்றைக்குத் தறியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அதை அவர் சுவரை நோக்கி விரித்தார். தரை முடிந்தது, சமுக்காளம் முடியவில்லை. மீதி சுவரில் ஏறி அவர் மார்பு உயரத்துக்கு வந்து நின்றது.



“பச்ச அடிச்சா ரூம்பு சின்னதாத் தெரியும். வாஸ்தவம்,” என்றார் அர்த்தனாரி. “கண்ணுக்கு. சமுக்காளத்துக்குமாங்க அப்படித் தெரியும்?”

விரல் முட்டியால் அந்தச் சுவரைத் தட்டினார். வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வந்தது. எதிர்ச் சுவரைத் தட்டினார். அது கல்லுச் சுவர், கைதான் வலித்தது.

காளியண்ணன் காண்டிராக்டரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான், ஓடினால் பிடிக்க வசதியாக. அர்த்தனாரி அவனைப் பார்க்கவே இல்லை. ராசுவையும் இருசாயியையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். காலையிலிருந்து தப்பான கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தோம் என்றார். இந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக வந்து சொன்ன ஆள் யார் என்பதுதான் விஷயம்.

“அம்மா பச்ச கேட்டாங்கன்னு உங்ககிட்ட வந்து சொன்னது ஆருங்க?” என்று சின்னுசாமியைக் கேட்டார்.

சின்னுசாமி கதவோரம் நின்ற மைத்துனன் பக்கம் திரும்பினார். “மாப்ளதான்,” என்றார் மெதுவாக.

ராசுவிடமும் அதே கேள்வி. ஐயாவின் விருப்பம் என்று வந்து சொன்னது சின்னய்யா. பொன்னனைப் பிரஷ்ஷுக்கு அனுப்பச் சொன்ன உத்தரவைக் குடிசைக்குக் கொண்டுவந்தது யார் என்று இருசாயியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே மாதேஸ்வரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சமுக்காளத்தில் பெயிண்ட் சிந்தியதாகச் சொல்லி மடித்தது யார் என்று ருக்குமணியையும் யாரும் கேட்கவில்லை.

அர்த்தனாரி நிதானமாகச் சொன்னார். புதிதாக மண்ணும் சுண்ணாம்பும் பூசிய தட்டிச் சுவருக்கு ரோஸ் அடித்தால் ஈரம் பூத்து, எது புதுச் சுவர் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். கறுத்த பச்சையில் ஈரமும் தெரியாது, வெடிப்பும் தெரியாது. பெயிண்ட் நாற்றத்தில் மிளகு வாசனையும் தெரியாது. அறை சின்னதாகிவிட்டதே என்று யாராவது கேட்டால் அதற்கும் பெயிண்டே பதில் சொல்லிவிடும். கெட்டிக்கார வேலைதான். ஒரே ஒரு குறை. இந்த வீட்டில் வந்து பார்த்த ஒவ்வொருவரும் அந்த நிறத்தைக் காறித் துப்பாத குறையாகத் திட்டினார்கள். அதைப் புகழ்ந்துகொண்டே அர்த்தனாரியின் பையைத் தூக்கி வந்தது ஒருத்தன்தான்.

காளியண்ணன் காண்டிராக்டர் பக்கத்திலிருந்து நகர்ந்து மாதேஸ்வரன் பக்கத்தில் போய் நின்றான். “மன்னிச்சுக்குங்க, பஸ் மாறி ஏறிட்டேன்,” என்றான்.

மாதேஸ்வரன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. பிறகு அக்காவைப் பார்த்துத்தான் பேசினான். வீட்டிலிருந்த மாற்றுச் சாவியால் கொட்டகையைத் திறந்தானாம். மிளகை விற்று, ரோடு திறந்ததும் சொந்தமாக ஒரு லாரி வாங்கலாம் என்று இருந்தானாம். எத்தனை காலத்துக்குக் காண்டிராக்டர் மைத்துனன் என்ற பெயரோடு சுற்றுவது என்று கேட்டான். பொன்னன் விஷயம் இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லையாம். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தானாம்.

சின்னுசாமி கையை ஓங்கிக்கொண்டு போனார். ருக்குமணி குறுக்கே வந்து நின்றாள். அர்த்தனாரியைப் பார்த்தாள்.

“நீங்க சிரமப்பட்டு வந்தீங்க. கண்டுபுடிச்சுச் சொல்லீட்டீங்க,” என்றாள். “இனி இதப் பேச வேண்டாமுங்க. இந்தப் பச்சையே நல்லாத்தான் இருக்குது. எனக்குப் புடிச்சுப்போச்சு.”

மூட்டைகளை யாருக்கும் தெரியாமல் கொட்டகையில் வைத்துவிடலாம், எங்கிருந்தோ கிடைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். பொன்னனுக்கு ஏதாவது செய்துவிடலாம் என்றாள். கேஸ் கொடுத்தவள் கேஸ் வேண்டாம் என்கிறாள். சுவர் அவளுடையது. அவருக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்லைத் தொடக்கூட உரிமையில்லை. பொடி டப்பாவை மூடி ஜேபியில் போட்டுக்கொண்டார். துப்பறிகிற தொழிலில் கண்டுபிடிப்பது சுலபமான பாதி என்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

இருசாயி வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் ரோடு வேலைக்காரர்களின் கடப்பாரை இருந்தது. நேராக ருக்குமணிக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

“ஏனுங்கம்மா, உங்க தம்பிய நாந்தான் இத்தன நாளும் சோறு போட்டுப் பாத்துக்கிட்டேன். அவரு மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க. எம்பட ஊட்டுக்காரரு உள்ள அடி வாங்கிக்கிட்டு இருக்கறாரு. நீங்க வேண்டாமுன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்.”

ருக்குமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள்.

முதல் குத்திலேயே பச்சை பிளந்து உள்ளிருந்து மண் கொட்டியது. இரண்டு மூன்று குத்தில் மூங்கில் தட்டி எலும்பு மாதிரி வெளியே துருத்தியது. அதற்குப் பின்னால் மூட்டை மேல் மூட்டையாகச் சாக்குகள். கடப்பாரை முனை ஒன்றில் பட்டுக் கிழிய, மிளகு சரசரவென்று சமுக்காளத்தில் பரவியது. பெயிண்ட் நாற்றத்தையும் மீறி அந்தக் காரம் கூடம் முழுக்க நிறைந்தது. காளியண்ணன் தும்மத் தொடங்கினான். நல்லவேளையாக அவனால் பேச முடியவில்லை. இருசாயி கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்துக் குடியானவர்களைக் கூப்பிட வெளியே ஓடினாள்.

மாதேஸ்வரன் அக்காவின் கையைப் பிடித்தான். சின்ன வயதில் அப்பாவிடம் அடி விழப்போகும்போது அப்படித்தான் பிடிப்பானாம். இதை அவளே பிறகு ஒரு நாள் அர்த்தனாரியிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் அந்தக் கையை உதறவில்லை. விடவும் இல்லை.

“செருப்பப் போட்டுக்கடா. கீழ போகலாம்,” என்றாள்.

குடியானவர்கள் வந்து மூட்டைகளை எண்ணத் தொடங்கியிருந்தார்கள். மைத்துனனை ஸ்டேஷனுக்குத் தானே கூட்டிப்போவதாகச் சின்னுசாமி சொன்னார். அவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகவே துணைக்கு ஆள் கேட்கிற ருக்குமணி, பட்டுச் சேலையின் கரை மண்ணில் புரளத் தம்பியின் கையைப் பிடித்தபடி மலையிறங்கினாள். முன்னால் இருசாயி, யாருக்காகவும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள். காளியண்ணன் பின்னால் வந்தான். ஏறும்போது வாங்கின மூச்சு இறங்கும்போது வாங்காது என்று மட்டும் ஒரு தடவை சொல்ல ஆரம்பித்து, அர்த்தனாரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். ஏட்டுக்கு விஷயம் விளங்கவே வெகுநேரம் பிடித்தது. பெயிண்ட், சமுக்காளம், சுவர் என்று எதைச் சொன்னாலும், அப்படியானால் பொன்னன் இத்தனை நாளாக ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சாவியை எடுத்தார். பொன்னன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரு கண் திறக்கவில்லை. இருசாயி அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஏட்டு மாதேஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல சட்டை, நல்ல செருப்பு. பெரிய இடம் என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, இவர் பேரில் புகார் கொடுக்க ஆள் இருந்தால்தான் எழுத முடியும், இல்லையென்றால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். “புகார் ஆருங்க குடுக்கறது?” என்று பொதுவாகக் கேட்டார்.

அர்த்தனாரி ருக்குமணியைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“எழுதிக்குங்க,” என்றாள் ருக்குமணி. அதுவரை பிடித்திருந்த கையை விட்டாள். “ருக்குமணி. இவனோட அக்கா.”